அஞ்சுபவரும் அஞ்சவைப்பவரும்

நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தால் நம் நெஞ்சு ஒரு கணம் நின்று பின்னரே துடிக்கிறது. மேலதிகாரி அழைக்கிறார் என்று ஒருவர் வந்து சொன்னால், அழைப்பின் காரணம் தெரியுமுன்பே நம் குற்றங்களை நாமே எண்ணத் தொடங்கிவிடுகிறோம். தேர்வு முடிவு வெளிவரும் காலையில் மாணவனும், இரத்தப் பரிசோதனையின் முடிவை வாங்கச் செல்லும் வழியில் நோயாளியும், மாத இறுதியில் வட்டிக்காரரின் காலடி ஓசையைக் கேட்கும் இல்லத்தரசியும் அனுபவிப்பது ஒன்றேதான். அதற்கு நாம் இட்டிருக்கும் பெயர் அச்சம்.

ஞாயிறு மறையுரைகளில் அச்சத்தைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். “அஞ்சாதே” என்னும் சொல் திருவிவிலியத்தில் நாளுக்கொன்றாக 365 முறை வருகிறது என்றுகூட ஒருமுறை சொன்னோம். கேட்பதற்கு இனிய கணக்கு. பின்னர் அமர்ந்து எண்ணிப் பார்த்தபோது அக்கணக்குச் சரிவரவில்லை. பிழை எண்ணிக்கையில் மட்டுமன்று, நாம் வழங்கிய அறிவுரையிலும் இருந்தது என்பதைக் காலம் கடந்தே உணர்ந்தோம். அந்த இரண்டாம் பிழையைப் பற்றியதே இக்கட்டுரை.

அச்சம் குற்றமா?

அஞ்சுகிறவர்கள் தங்களைப் பற்றியே வெட்கப்படுவதைக் காண்கிறோம். “எனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் பயப்படுகிறேன்” என்று சொல்வோர் பலர். இவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, அச்சம் தன்னளவில் பாவமன்று என்பதே. புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் அச்சத்துக்கென்றே நான்கு வினாக்களை ஒதுக்கி ஆராய்கிறார். வரவிருப்பதும், எளிதில் விலக்க இயலாததுமான ஒரு தீமையை எண்ணி எழும் உணர்ச்சியே அச்சம் என்பது அவருடைய விளக்கம். அதன் வேர் எது என்று கேட்டு, அன்பு என்றே விடை தருகிறார். நாம் எதை நேசிக்கிறோமோ அதை இழந்துவிடுவோமோ என்றுதான் அஞ்சுகிறோம். பிள்ளையை நேசியாத தாய்க்குப் பிள்ளை வீடு திரும்பத் தாமதமானால் அச்சம் எழாது. அச்சமே இல்லாமை உயர்ந்த நற்பண்பு என்று அவர் கொள்ளவில்லை. அதையும் ஒரு குறையாகவே எண்ணுகிறார்.

இக்கால மருத்துவ ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. நம் மூளையின் ஆழத்தில் வாதுமைப் பருப்பின் வடிவில் ஒரு சிறு பகுதி உண்டு. அமிக்டலா என்பது அதன் பெயர். அரியதொரு பரம்பரை நோயினால் இப்பகுதி இருபுறமும் சிதைந்துபோன ஓர் அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. பாம்பைக் கையில் எடுத்தபோதும் அவருக்கு அச்சம் எழவில்லை. ஒருநாள் இரவில் பூங்கா ஒன்றில் ஒருவன் அவர் கழுத்தில் கத்தியை வைத்து மிரட்டினான். மறுநாளும் அவர் அதே பூங்கா வழியாகவே நடந்து சென்றார். இதை வீரம் என்று எவரும் சொல்லார். காவலாளி இல்லாத வீடு என்றே சொல்வர். அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவதை வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வைத்துப் பேசியதன் ஆழம் இங்கே விளங்குகிறது.

அச்சத்தை ஆளுதல்

அச்சம் காவலாளியாயின், காவலாளி வீட்டுக்காரரை ஆளத் தொடங்கும்போதே தீமை பிறக்கிறது. அளவான அச்சம் மனிதரை ஆலோசனை கேட்கச் செய்கிறது, செயலில் கவனத்தைத் தருகிறது; அளவு மிஞ்சினால் அறிவையே கலக்குகிறது என்பது அக்குவினாஸ் கண்ட உண்மை. கொடைக்கானல் மலைப்பாதையில் பேருந்து ஓட்டுபவருக்கு வளைவைப் பற்றிய அச்சம் சிறிதாவது இருந்தால்தான் பயணிகள் பிழைப்பர். அவ்வச்சமே அவர் கைகளை நடுங்கச் செய்யுமாயின் எவரும் பிழையார்.

அச்சத்தோடு நம்மை நாடி வந்தவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொண்டவை சில உண்டு. ஒன்று, பெயரில்லாத அச்சமே பெரிய அச்சம். “என்னவோ பயமாக இருக்கிறது” என்பவரிடம், “எதை இழந்துவிடுவோம் என்று அஞ்சுகிறீர்கள்?” என்று கேட்டால், அவர் சிறிது நேரம் யோசித்து ஒன்றையோ இரண்டையோ சொல்வார். சொல்லி முடிக்கும்போதே அவருடைய குரல் மாறியிருக்கும். மற்றொன்று, அச்சம் தனிமையில் வளர்கிறது. கெத்சமனித் தோட்டத்தில் ஆயுதம் தாங்கிய கூட்டத்தின்முன் வாளை உருவிய அதே பேதுருதான், சில நாழிகைக்குப்பின் ஒரு பணிப்பெண்ணின் கேள்விக்கு அஞ்சி ஆண்டவரை மறுதலித்தார். தோட்டத்தில் அவருடன் தோழர்கள் இருந்தனர். முற்றத்தில் அந்நியர் நடுவே நெருப்பருகில் அமர்ந்திருந்தார். மூன்றாவது, துணிவு என்பது பாய்ந்து தாக்குவதைவிட நின்று தாங்குவதிலேயே மிகுதியும் விளங்குகிறது. கடன்காரரை நேரில் சந்தித்துத் தவணை கேட்கும் ஏழைக்கு எவரும் பதக்கம் அளிப்பதில்லை. ஆயினும் அது துணிவே.

இவையெல்லாம் அஞ்சுபவருக்குச் சொல்ல வேண்டியவை. நாம் பல்லாண்டுகள் இவற்றை மட்டுமே சொல்லிவந்தோம். இங்குதான் நம் பிழை இருந்தது. அதை நமக்கு உணர்த்தியவர் நம் ஆலயத்துக் கோயில்பிள்ளை.

மணி விழுந்த நாள்

நாம் முதன்முதலாகப் பங்குத் தந்தையாகப் பொறுப்பேற்றது தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில். அங்கிருந்த கோயில்பிள்ளை நம் தந்தையின் வயதை ஒத்தவர். விடியற்காலை மணி அடிப்பது முதல் இரவில் கதவடைப்பது வரை ஆலயத்தின் ஒவ்வொரு கல்லையும் அறிந்தவர். நாமோ இளைஞர், எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்னும் வேகம் உடையவர். சக்கிறீஸ்தில் மெழுகுதிரி ஒன்று கோணலாக இருந்தாலும் நம் குரல் உயரும். ஊரார் அதைக் கண்டிப்பு என்று புகழ்ந்தனர். நாமும் அப்புகழில் மகிழ்ந்தோம்.

ஒரு திருவிழாக் கொடியேற்றத்தன்று, மாலை மணியை அடித்துக்கொண்டிருந்தபோது மணிக்கூண்டின் உத்திரம் முறிந்து மணி கீழே விழுந்தது. வழக்கமாக அவ்விடத்தில்தான் சிறுவர்கள் கூடி நின்று, கயிற்றைத் தொடும் முறைக்காகக் காத்திருப்பர். அன்று அவர்கள் எல்லாரும் மேளக்காரரைக் காண ஓடிவிட்டிருந்தனர். கோயில்பிள்ளையின் வலக்கால் விரல்கள் இரண்டு நசுங்கின.

மறுநாள் மருத்துவமனையில் அவரைக் கண்டோம். உத்திரம் கறையான் அரித்திருந்தது. அதை முன்பே கண்டீரா என்று வினவினோம். தவக்காலத்துக்கு முன்பே கண்டதாகச் சொன்னார். விரல் நகத்தால் கீறினாலே மரம் உதிர்ந்ததாம். “ஏன் சொல்லவில்லை?” என்றோம்.

“சாமி, போன தடவை கூரை ஒழுகுதுன்னு சொன்னப்ப எல்லார் முன்னாடியும் ஏசிட்டீங்க. இதையும் சொன்னா கோவிச்சுக்கிடுவீங்களோன்னு பயந்து இருந்துட்டேன். மன்னிச்சிருங்க சாமி.”

காலில் கட்டுடன் படுத்திருந்தவர் நம்மிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தக் கட்டிலின் அருகே நின்றபோதுதான் நாம் ஆற்றிய மறையுரைகள் அனைத்தும் நினைவுக்கு வந்தன. “அஞ்சாதீர்கள்” என்று பீடத்திலிருந்து சொன்ன வாயே, கீழிறங்கி வந்து அஞ்சவைத்திருக்கிறது.

யார் பொறுப்பு?

அரிஸ்டாட்டில் ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறார். புயலில் சிக்கிய கப்பலில் வணிகர் தம் சரக்குகளைத் தாமே கடலில் எறிகிறார். அது அவருடைய விருப்பச் செயலா, கட்டாயச் செயலா? இரண்டும் கலந்தது என்பது விடை. எறிந்த கைகள் அவருடையவைதாம். ஆயினும் புயல் இல்லாதிருந்தால் எறிந்திருக்க மாட்டார். அச்சத்தினால் செய்யும் செயலை ஆராயும்போது அக்குவினாஸும் இதையே எடுத்தாள்கிறார். குருமடத்தில் இப்பாடத்தை நாம் பயின்று தேர்வும் எழுதினோம். அதன் பொருள் மருத்துவமனையில்தான் விளங்கிற்று. கோயில்பிள்ளை உண்மையைக் கடலில் எறிந்தார். அவருக்கு ஓரளவு பொறுப்பு உண்டு; சிறுவரின் உயிர் சம்பந்தப்பட்ட செய்தியன்றோ? ஆனால் அவருக்குப் புயலாக இருந்தவர் யார்?

திருச்சபைச் சட்டம் இதை நன்கு அறிந்திருக்கிறது. வெளியிலிருந்து சுமத்தப்பட்ட கடும் அச்சத்தின் காரணமாக, அதிலிருந்து தப்ப வேறு வழியின்றி ஒருவர் திருமணத்தைத் தெரிந்துகொண்டால் அத்திருமணம் செல்லாது என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1103-ஆம் எண் கூறுகிறது. பீடத்தின் முன் சாட்சிகள் கேட்கச் சொன்ன “ஆம்” என்பதே அச்சத்தினால் வெறும் ஒலியாகிவிடக்கூடும். அங்ஙனமாயின் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பங்குப் பேரவைகளிலும் நாள்தோறும் நாம் கேட்கும் “ஆமாம் ஐயா”, “சரிங்க சாமி” என்பவற்றில் எத்தனை உண்மையான இசைவு என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

தாலந்து உவமையை இந்த ஒளியில் மீண்டும் வாசித்தோம். ஒரு தாலந்தைப் பெற்ற பணியாளர் அதை மண்ணில் புதைத்து வைத்ததற்குச் சொன்ன காரணம், தலைவர் கடினமானவர், ஆகவே அஞ்சினேன் என்பதே. சோம்பலைக் கண்டிக்கவே இவ்வுவமையை நாம் பலகாலம் பயன்படுத்தினோம். அப்பணியாளர் கண்டிக்கப்பட்டார் என்பது உண்மை. ஆயின் உவமையிலுள்ள தலைவரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கும் உரிமை நமக்கில்லை. நாமும் கணக்குக் கொடுக்க வேண்டிய பணியாளரே. நம் கடுமையைக் கண்டு அஞ்சி எத்தனை பேர் தம் திறமைகளை மண்ணில் புதைத்தனர் என்பதும் அக்கணக்கில் வரும்.

பேசாத ஒரு சொல்லின் விலை

நம் ஊரில் இரண்டு விரல்களோடு முடிந்தது. வேறோர் இடத்தில் அவ்வாறு முடியவில்லை. 1977-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள், ஸ்பெயின் நாட்டுக்குரிய தெனெரீஃப் தீவின் விமான நிலையத்தை மூடுபனி மூடியிருந்தது. ஒரே ஓடுபாதையில் இரண்டு பெரிய போயிங் 747 விமானங்கள். டச்சு விமானத்தின் தலைமை விமானி தம் நிறுவனத்தில் மிகவும் மூத்தவர். மற்ற விமானிகளுக்குப் பயிற்சி அளிப்பவர். கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதி கிடைக்குமுன்பே அவர் விமானத்தைச் செலுத்தத் தொடங்கினார். எதிரே வந்த அமெரிக்க விமானம் பாதையைவிட்டு இன்னும் விலகவில்லையோ என்னும் ஐயம் விமானப் பொறியாளருக்கு எழுந்தது. அதைக் கேள்வியாகவும் கேட்டார். தலைமை விமானி உறுதியான குரலில் விலகிவிட்டது என்றார். பொறியாளர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சில நொடிகளில் இரு விமானங்களும் மோதி 583 பேர் மாண்டனர்.

அந்தக் கடைசி நொடிகளில் அவர் மௌனம் காத்தது ஏன் என்று அவரிடம் கேட்க இயலாது, அவரும் இறந்தார். ஆயின் விமானியறையில் இளையவர் மூத்தவரைத் தடுத்துச் சொல்லத் தயங்கும் நிலையே பெரும் ஆபத்து என்பதை, இவ்விபத்தையும் இதுபோன்ற பிறவற்றையும் ஆராய்ந்தோர் சுட்டிக்காட்டினர். 1980-களின் தொடக்கத்திலிருந்து விமான நிறுவனங்கள் இதற்கெனவே பயிற்சிகளை வகுத்தன. இளையவருக்குத் துணிந்து சொல்லக் கற்றுக்கொடுத்ததோடு அவை நிற்கவில்லை. மூத்தவருக்குச் செவிகொடுத்துக் கேட்கவும் கற்றுக்கொடுத்தன. இந்த இரண்டாம் பகுதியைத்தான் நாம் நம் மறையுரைகளில் விட்டுவிட்டோம்.

அமெரிக்காவில் 1976 முதல் மற்றொரு முறையும் நடைமுறையில் உள்ளது. விமானி தாம் செய்த தவற்றைத் தாமே எழுதி அனுப்பலாம். அவருடைய பெயர் நீக்கப்பட்டு, செய்தி மட்டும் மற்றவர்களின் பாடமாகிறது. வேண்டுமென்றே செய்த தவறாகவோ குற்றச் செயலாகவோ இல்லாதவிடத்துத் தண்டனையிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் உண்டு. இதை வாசித்தபோது நமக்கு ஒப்புரவு அருட்சாதனத்தின் நினைவே வந்தது. குற்றத்தைச் சொன்னவர் அழிக்கப்படார் என்னும் உறுதி இருந்தால்தான் உண்மை வாயைத் திறக்கும். இதை உலகுக்குக் கற்பிக்க வேண்டிய நாம், உலகிடமிருந்து கற்க வேண்டியதாயிற்று.

தொழிற்சாலைகளுக்கும் இதே பாடம்தான். ஜப்பானியத் தொழில்துறைக்குத் தர மேம்பாட்டைக் கற்பித்த அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங், நிர்வாகத்துக்கு 14 நெறிகளை வகுத்தார். அவற்றுள் எட்டாவது, பணியிடத்திலிருந்து அச்சத்தை அகற்றுவது. இரக்கத்துக்காக மட்டும் அவர் இதைச் சொல்லவில்லை. அஞ்சுகிற தொழிலாளி பழுதடைந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்லார். அஞ்சுகிற மேற்பார்வையாளர் மெய்யான கணக்கை எழுதார். அச்சம் குடிகொண்ட இடத்தில் தலைவரே குருடராகிறார்.

கண்டிப்பு வேண்டாமா?

“பயம் இல்லாவிட்டால் யார் வேலை செய்வார்கள்? ஆண்டவருக்கு அஞ்சுவதுதானே ஞானத்தின் தொடக்கம்?” என்று அன்பர்கள் வினவலாம். ஞாயமான வினா. இறையியல் இதற்கு நெடுநாள் முன்பே விடை கண்டிருக்கிறது. அடிமையின் அச்சம் வேறு, பிள்ளையின் அச்சம் வேறு. அடிமை தண்டனைக்கு அஞ்சுகிறார். ஆகவே தலைவர் திரும்பிய கணமே கையை மடக்கிக்கொள்கிறார். பிள்ளை தந்தையின் மனத்தைப் புண்படுத்த அஞ்சுகிறது. ஆகவே தந்தை காணாத இடத்திலும் நேர்மையாக நடக்கிறது. ஞானத்தின் நிறைவு இந்த இரண்டாவது அச்சத்திலேயே உள்ளது. ஒரு சோதனையும் உண்டு. தவறு நேர்ந்தவுடன் நம் பிள்ளைகளும் பணியாளரும் நம்மிடம் ஓடி வருகின்றனரா, நம்மிடமிருந்து ஓடி ஒளிகின்றனரா? கண்டிப்பு எவ்வகையானது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

வள்ளுவர் அவை அஞ்சாமை என்று ஓர் அதிகாரம் வகுத்து, கற்றவர் சபைமுன் நடுங்கலாகாது என்று அறிவுறுத்துகிறார். அதே பொருட்பாலில் வெருவந்த செய்யாமை என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்பவர் குடிகள் அஞ்சும்படி நடக்கலாகாது என்பது அதன் பொருள். அஞ்சுபவருக்கு ஒன்று, அஞ்சவைப்பவருக்கு ஒன்று. நம் வீரமாமுனிவர் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். அதை நாம் பெருமையுடன் எடுத்துச் சொல்லிவந்தோம். இந்த அதிகாரத்தை நமக்கென்று வாசிக்கத்தான் மறந்தோம்.

அதன்பின் நாம் சில வழக்கங்களை மேற்கொண்டோம். புனித ஆசீர்வாதப்பர் தம் துறவற ஒழுங்கில், முக்கியமான காரியங்களுக்கு மடத்துத் தலைவர் சகோதரர் அனைவரையும் அழைத்து ஆலோசனை கேட்க வேண்டும் என்றும், இளையவருக்கே ஆண்டவர் பலவேளைகளில் நல்வழியைக் காட்டுகிறார் என்றும் விதித்தார். அதைப் பின்பற்றிப் பங்குப் பேரவையில் இளையவரை முதலில் பேசச் செய்து, நாம் இறுதியில் பேசலானோம். நாம் முதலில் பேசினால் பிறகு எழுவதெல்லாம் எதிரொலியாகவே இருந்தது. கெட்ட செய்தி கொண்டுவருபவருக்கு முதலில் நன்றி சொல்லவும் பழகினோம். இது எளிதாக வரவில்லை. நாக்கின் நுனி வரை வந்த சினத்தை விழுங்கிய நாட்கள் உண்டு. விழுங்க முடியாமல் தோற்று, மறுநாள் போய் மன்னிப்புக் கேட்ட நாட்களும் உண்டு.

வீட்டில் தந்தையாக, பள்ளியில் ஆசிரியராக, கடையில் முதலாளியாக, மருத்துவமனையில் தலைமைச் செவிலியாக இதை வாசிக்கும் அன்பரே! இன்று உம் அச்சங்களை எண்ணிப் பாரும், அவற்றுக்குப் பெயரிடும், ஒருவரிடமாவது சொல்லும். பின்னர் மற்றொரு கணக்கையும் எடும். உமக்கு அஞ்சி, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பவர் யார் யார்? இந்த இரண்டாம் கணக்கில்தான் ஒருவேளை பிறருடைய உயிரே அடங்கியிருக்கும்.

கோயில்பிள்ளை கால் ஆறியபின் மீண்டும் பணிக்கு வந்தார். புதிய உத்திரம் இரும்பாலானது. சில மாதங்கள் சென்றபின், ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து உடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது அருகில் வந்து தயங்கி நின்றார். என்ன என்றோம். “சாமி, தப்பா நினைக்காதீங்க. இன்னைக்குப் பிரசங்கம் ரொம்ப நீளம். பின்வரிசையில பாதிப்பேரு தூங்கிட்டாங்க” என்றார்.

நாம் அவருக்கு நன்றி சொன்னோம். அடுத்த ஞாயிறு பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டோம்.